கோசாலை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்: செத்த மாட்டை யார் தூக்குவது?

கோசாலை அறக்கட்டளைகளின் பொறுப்பாளர்களுக்கும், பசுப் பாதுகாப்பு இயக்கங்களில் உழைக்கும் அன்பர்களுக்கும், கோபூஜை நடத்தி வைக்கும் மடங்களுக்கும்,

வணக்கம். நான் மாடு வைத்திருந்த வீட்டில் வளர்ந்தவன். கோயிலுக்குப் போகிறவன், பசுவைக் கண்டால் தொட்டுக் கும்பிடுகிறவன். அதனால் இதை எதிராளி எழுதிய கடிதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அடிமாடாக லாரி ஏறவிருந்த மாடுகளை மீட்டு, தீவனம் போட்டு, கண் தெரியாத மாட்டையும் கால் ஒடிந்த மாட்டையும் கடைசி வரை வைத்துப் பார்த்துக்கொள்கிறீர்கள். அந்த உழைப்பை நான் ஒருநாளும் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்தக் கடைசி நாளுக்கு மறுநாள் என்ன நடக்கிறது என்பதுதான் என் கேள்வி. மாடு செத்த பிறகு அதை யார் தூக்குகிறார்கள்?

எங்கள் ஊரில் அதற்கு ஒரு முறை இருந்தது. தொழுவத்தில் மாடு விழுந்துவிட்டால் காலனிக்கு ஆள் போகும். ஒரு பெரியவர் தன் மகனைக் கூட்டிக்கொண்டு வருவார். வாசல் வழியாக வர முடியாது. கொல்லைப் பக்கத்துப் படலைத் திறந்துவிடுவார்கள். தலைத்துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, "சாமி, கயிறு இருக்குங்களா?" என்று கேட்பார். எங்கள் தாத்தா வயது அவருக்கு. வீட்டுப் பொடியன்கள் வரை அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். வயிறு ஊதிப்போன மாட்டை அசைப்பது லேசான காரியமில்லை. நான்கு கால்களையும் சேர்த்துக் கட்டி, மூங்கிலைச் செருகிப் பார்ப்பார்கள். முடியாவிட்டால் இழுத்துக்கொண்டு போவார்கள். இழுப்பதற்கு முன் மாட்டின் மூக்கில் வழியும் நுரையை ஒரு பிடி வைக்கோலால் துடைத்துவிடுவார் அந்தப் பெரியவர். அந்த மாட்டின் பாலைக் குடித்த எங்களில் ஒருவர்கூட அதைச் செய்ததில்லை. அவர்கள் படலைத் தாண்டியதும் வீட்டுப் பெண்கள் சாணத்தைக் கரைத்து, மாடு கிடந்த இடத்தில் தெளிப்பார்கள். அப்புறம் அவர் நின்ற இடத்திலும், நடந்த தடத்திலும் தெளிப்பார்கள். பக்கத்துக் கட்டுத்தறியில் நின்ற மாட்டின் சாணம் அது.

கிராமத்தில் பிறந்த யாரைக் கேட்டாலும் சின்னச் சின்ன மாற்றங்களோடு இதையே சொல்வார்கள். பசுவைத் தாய் என்று மேடைதோறும் சொல்கிறோம். பெற்ற தாய் இறந்தால் தோள் கொடுக்கப் பிள்ளைகள் நான் நீ என்று வருகிறார்கள். இந்தத் தாயின் உடல் மட்டும் ஊருக்கு வெளியே இருக்கிற ஒரு சாதியின் தலையில் ஏற்றப்பட்டது. ஏற்றிவிட்டு, செத்த மாட்டைத் தொடுகிறவன் தீட்டு என்று அவனையே ஊருக்கு வெளியே நிறுத்தினோம். தீண்டாமையைப் பற்றி எத்தனையோ விளக்கங்கள் படித்திருக்கிறேன். என் மனதில் நிற்பது இந்த ஒரு காட்சிதான்: சுமையைக் கொடுத்ததும் நாம், சுமந்ததற்குத் தண்டனை கொடுத்ததும் நாம்.

நாங்கள் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, அவர்களாகத்தான் வந்து எடுத்துப் போகிறார்கள் என்று சிலர் சொல்லக்கூடும். சட்டம் அப்படி நினைக்கவில்லை. 1955ல் வந்த தீண்டாமைக் குற்றங்கள் சட்டத்தை 1976ல் திருத்தி, குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றினார்கள். செத்த விலங்கை அகற்று, தோலை உரி என்று தீண்டாமையின் பேரில் ஒருவரைக் கட்டாயப்படுத்துவது குற்றம் என்ற பிரிவு அப்போதுதான் சேர்ந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தம் 2016 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தது. பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ விலங்கின் சடலத்தை அகற்ற வைப்பதும் சுமக்க வைப்பதும் அதன்படி வன்கொடுமை. வேறு வேலையும் நிலமும் இல்லாத ஒருவர் 'தானாக' வருவது எப்படிப்பட்ட தானாக என்பது இதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அந்தத் திருத்தம் வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. 2016 ஜூலை 11, குஜராத்தில் உனா அருகே மோட்டா சமதியாலா கிராமம். செத்த மாட்டின் தோலை உரித்துக்கொண்டிருந்த ஒரு தலித் குடும்பத்தைப் பசுக் காவலர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள் சூழ்ந்துகொண்டு அடித்தார்கள். நான்கு இளைஞர்களை உனா நகரத்துக்குக் கொண்டுபோய், சட்டையைக் கழற்றி, காரோடு கட்டி, நடுத்தெருவில் கம்பியாலும் தடியாலும் அடித்தார்கள். அதைப் படமும் எடுத்தார்கள். அந்த மாட்டைக் கொன்றது சிங்கம் என்று பிறகு விசாரணையில் தெரிந்தது. கிர் காட்டை ஒட்டிய பகுதி அது. அந்த இளைஞர்கள் செய்துகொண்டிருந்தது, ஊர் தலைமுறை தலைமுறையாக அவர்கள் குடும்பத்துக்கு ஒதுக்கிய வேலை. செய்யாவிட்டால் ஊர் அடிக்கும், செய்தால் பசுவின் பேரைச் சொல்லி இன்னொரு கூட்டம் அடிக்கும் என்றால் அந்த மனிதர் எங்கேதான் போவார்?

அதற்கும் முன்னால், 2002 அக்டோபர் 15. தசரா நாள். அரியானாவில் ஜஜ்ஜர் அருகே துலினா காவல் சாவடியில், பசுவைக் கொன்று தோலுரித்தார்கள் என்ற வதந்தியின் பேரில் ஐந்து தலித்துகளைக் கூட்டம் அடித்தே கொன்றது. காவல் சாவடியில், காவலர்கள் இருக்கும்போதே நடந்தது. இந்த இரண்டும் நடந்தபோது பசுவின் பேரால் இயங்கும் அமைப்புகளிலிருந்து, "எங்கள் பேரைச் சொல்லி இதைச் செய்யாதே" என்று ஒரு குரல் ஓங்கி எழும் என்று எதிர்பார்த்தேன். என் காதில் அது விழவில்லை.

உனாவுக்குப் பிறகு குஜராத் தலித்துகள் செய்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். செத்த மாடுகளை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு போய் சுரேந்திரநகர் ஆட்சியர் அலுவலகத்தின் முன் இறக்கினார்கள். பல ஊர்களில் இனி எடுக்க மாட்டோம் என்று நிறுத்தினார்கள். தெருக்களில் மாடுகள் கிடந்து நாறின. மாட்டு வாலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு நிலம் கொடுங்கள் என்பது அவர்கள் முழக்கம். அதில் கோபம் இருந்தது, கோரிக்கையும் இருந்தது. அந்த நாட்களில் பசுவுக்காகப் பேசுகிற தலைவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் கிடந்த கோமாதாக்களைத் தூக்கி அடக்கம் செய்திருந்தால், இந்த நாட்டின் சாதி வரலாற்றில் ஒரு பக்கமே மாறியிருக்கும்.

மாட்டைச் சாவை நோக்கி அனுப்புவது யார் என்பதையும் பேச வேண்டும். உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது. சினை ஊசி வந்த பிறகு பொலிகாளைக்கு வேலை இல்லை. பிறக்கிற காளைக்கன்றுக்குத் தீவனம் போட எந்த விவசாயிக்கும் கட்டுப்படியாகாது. கறவை வற்றிய மாட்டுக்கும் அப்படித்தான். ஒருநாள் அதிகாலையில் கயிற்றை அவிழ்த்துச் சந்தைக்கு ஓட்டிப் போகிறார்கள். துண்டுக்குள் விரலைப் பிடித்துத் தரகர் விலை பேசுகிறார். பொள்ளாச்சிச் சந்தையில் கைமாறும் மாடு எங்கே போகிறது என்று விற்கிறவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். விற்கிறவர் பெரும்பாலும் நிலம் வைத்திருக்கிற சாதி இந்து. அவரை நான் குற்றம் சொல்லவில்லை. அவருடைய கணக்கு அவருக்கு. ஆனால் பசுவின் பேரால் அடி விழும்போது அந்த நீண்ட சங்கிலியில் கடைசிக் கண்ணியாக, கத்தியோடும் தோலோடும் நிற்கிற தலித்தின் முதுகில்தான் விழுகிறது, அல்லது முஸ்லிமின் முதுகில். பாலுக்குக் காசு வாங்கியவர், மாட்டை விற்றுக் காசு வாங்கியவர், தோல் செருப்புப் போட்டு நடக்கிறவர் எல்லோரும் தூய்மையாகவே வீடு திரும்புகிறார்கள்.

அவர்கள் மாட்டிறைச்சி உண்கிறார்கள், அதனால்தான் விலக்கி வைத்தார்கள் என்று நேரடியாகவே வாதிடுகிறவர்களும் உங்களில் உண்டு. தீண்டாமைக்கும் மாட்டிறைச்சிக்கும் உள்ள தொடர்பை உங்களைவிட விரிவாக அம்பேத்கர் 1948ல் எழுதிவிட்டார். செத்த மாட்டை உண்ணும் நிலையில் இருந்தவர்கள், பசு புனிதமாக ஆக்கப்பட்ட பிறகு தீண்டத்தகாதவர்கள் ஆக்கப்பட்டார்கள் என்பது அவர் வாதம். அந்த வாதத்தை வரலாற்று அறிஞர்கள் எல்லோரும் ஏற்கவில்லை, அது இருக்கட்டும். அதே அம்பேத்கர் 1927 மார்ச்சில் மகாராஷ்டிரத்தில் உள்ள மகாடில் கூடிய மக்களிடம், செத்த மாட்டின் இறைச்சியை விட்டுவிடுங்கள், செத்த மாட்டை இழுக்கும் வேலையையும் விட்டுவிடுங்கள் என்று கேட்டார். பல ஊர்களில் மக்கள் விட்டார்கள். அதற்குக் கிடைத்த பரிசு ஊர்விலக்கம். ஊர்க் கிணறு அவர்களுக்குத் திறக்கவில்லை. இறைச்சிதான் காரணம் என்றால் இறைச்சியை விட்டதும் தீண்டாமை போயிருக்க வேண்டாமா?

மகாடைச் சொன்னேன், அதைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம். அங்குள்ள சவுதார் குளத்தில் மாடும் நாயும் இறங்கித் தண்ணீர் குடிக்கலாம், தீண்டத்தகாதவர் குடிக்கக் கூடாது. பொதுக் குளங்களை எல்லோருக்கும் திறக்க வேண்டும் என்று பம்பாய் சட்டமன்றம் 1923லேயே தீர்மானம் போட்டிருந்தது. மார்ச் 20 அன்று அம்பேத்கரும் அவரோடு வந்த ஆயிரக்கணக்கானவர்களும் இறங்கித் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தார்கள். வேறொன்றும் செய்யவில்லை. அவர்கள் மேல் அடி விழுந்தது. அப்புறம் குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். பால், தயிர், சாணம், கோமியம் கலந்து 108 குடங்கள் ஊற்றினார்கள் என்று பதிவு இருக்கிறது. மனிதன் வாய் வைத்த தண்ணீரைச் சுத்தமாக்கக் கோமியம்! இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பசுவின் மேல் கோபம் வருவதில்லை. அந்த வாயில்லாப் பிராணியை இப்படி ஒரு வேலைக்குப் பயன்படுத்தினார்களே என்றுதான் வருகிறது.

நம் பக்கத்துக்கு வந்தால் கீழத் தஞ்சை. பண்ணையாள் நேரம் கழித்து வந்தாலும், எதிர்த்துப் பேசினாலும் சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனை. சாணத்தைத் தண்ணீரில் கரைத்து வாயைத் திறந்து ஊற்றுவார்கள். கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் போய் விவசாயச் சங்கம் கட்டிப் போராடி, 1940களில்தான் அதற்கு முடிவு கட்டினார்கள். வாசல் தெளிக்கிற அதே சாணம்தான். அது ஆண்டையின் வாசலில் மங்கலம், பண்ணையாளின் தொண்டையில் தண்டனை.

அதே மண்ணில்தான் திருவாரூரும் இருக்கிறது. கன்றை இழந்த பசு மணியை அடிக்க, பெற்ற மகனையே தேர்க்காலில் இட்டான் மனுநீதிச் சோழன் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தோம். கோயிலை ஒட்டி அந்தக் கல்தேர்ச் சிற்பத்தைப் போய்ப் பார்த்திருக்கிறேன். உருக்கமான கதை, எனக்கு இன்றும் பிடிக்கும். அதிலிருந்து அதிக தூரமில்லாத கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட தலித் குடும்பங்களின் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக 44 பேரை ஒரே குடிசையில் வைத்து எரித்தார்கள். கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. ஒரு கன்றுக்கு நீதி சொன்னதைக் கொண்டாடுகிற சமூகம் நாம். அந்த 44 பேருக்கு நீதி சொல்ல நமக்கு முடியவில்லை.

நந்தனாரைப் பற்றி மடங்களில் உள்ளவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திருப்புன்கூரில் நந்தி விலகி வழிவிட்டது எல்லோருக்கும் தெரியும். அவர் என்ன தொண்டு செய்தார் என்பதைச் சேக்கிழார் சொல்லியிருக்கிறார். அதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. கோயில் பேரிகைகளுக்குப் போர்த்தும் தோல், இழுத்துக் கட்டும் வார், வீணைக்கும் யாழுக்கும் நரம்பு, அர்ச்சனைக்குக் கோரோசனை. இவற்றைக் கொண்டுவந்து கொடுத்தவர் அவர். கோரோசனை பசுவின் பித்தப்பையில் உருவாகும் கல். செத்த மாட்டை அறுத்தால்தான் கிடைக்கும். அப்படி எடுத்த பொருள் சிவனின் பூஜைக்குப் போனது. எடுத்துக் கொடுத்த கைகள் வாசலுக்கு வெளியே நின்றன. தில்லைக்குள் போக அவர் தீயில் இறங்க வேண்டியிருந்தது. இன்றும் கச்சேரி மேடையில் ஒலிக்கும் மிருதங்கத்தில் பசுத்தோலும் ஆட்டுத்தோலும் எருமைத்தோல் வாரும் இருக்கின்றன. தோலைத் தேர்ந்தெடுத்து, ஊறவைத்து, மூட்டி, இழுத்துக் கட்டித் தருகிறவர்கள் பெரும்பாலும் தலித் சமூகத்தவர். நாதம் கருவறை வரைக்கும் போகிறது.

இதெல்லாம் பழங்கதை, இப்போது யார் சாதி பார்க்கிறார்கள் என்று கேட்கலாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ல் மட்டும் பட்டியல் சாதியினருக்கு எதிராகப் பதிவான குற்றங்கள் 57,582. 2023 ஜூனில் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித்துகளை விடமாட்டோம் என்று நின்றதால் அரசு கோயிலையே பூட்டி சீல் வைத்தது. நகரத்திலும் கதை வேறில்லை. புதுமனை புகுவிழாவில் பசுவையும் கன்றையும் முதலில் உள்ளே கூட்டிப் போகிறோம். கூடத்தில் சாணம் போட்டால் லட்சுமி வந்துவிட்டாள் என்று பூரித்துப்போகிறோம். அந்த வீட்டுக்குச் செங்கல் சுமந்த சித்தாளின் பிள்ளை படித்து வேலைக்குப் போய், மாடிப் பகுதியை வாடகைக்குக் கேட்டு வந்தால், "நீங்க எந்த ஆளுங்க?" என்ற கேள்வி வாசலிலேயே வருகிறது.

அரசியல் நிர்ணய சபை 1948 நவம்பர் 24 அன்று பசுப் பாதுகாப்பை விவாதித்தது. இன்று அது 48வது பிரிவு. ஐந்து நாள் கழித்து, நவம்பர் 29 அன்று, தீண்டாமை ஒழிப்பை ஏற்றது; அது 17வது பிரிவு. முன்னது அரசுக்கு வழிகாட்டும் கொள்கை, அதை வைத்து நீதிமன்றத்தில் வழக்காட முடியாது. பின்னது அடிப்படை உரிமை. எது மேலே, எது கீழே என்பதில் நம் அரசியலமைப்புக்குக் குழப்பமே இல்லை. 48ஐ மனப்பாடமாகச் சொல்கிற உங்கள் மேடைகளில் 17ஐயும் சொல்லிக் கேட்க ஆசைப்படுகிறேன்.

சரி, என்ன செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். ஏற்கெனவே செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். காந்தி பசுவை எவ்வளவு போற்றினாரோ அவ்வளவு பிடிவாதமாக, பசுப் பாதுகாப்பு என்றால் செத்த மாட்டின் தோலைப் பதனிடுவதும் சேர்ந்ததுதான் என்றார். சபர்மதி ஆசிரமத்திலும் வார்தா அருகே நால்வாடியிலும் தோல் பதனிடும் கூடங்கள் நடந்தன. ரத்னகிரிப் பக்கத்து பிராமணர் அப்பாசாகேப் பட்வர்தன், சிறையில் மலம் அள்ளும் வேலையைத் தனக்கும் கொடுக்க வேண்டும் என்று 1932ல் உண்ணாவிரதம் இருந்தவர். பின்னாளில் கணகவலியில் ஆசிரமம் அமைத்து, செத்த மாட்டுத் தோலைப் பதனிடும் வேலையையும் எடுத்துச் செய்தார். காந்திய வழியில் எனக்கு மாறுபாடுகள் உண்டு. அம்பேத்கர் அதன்மேல் வைத்த விமர்சனங்கள் பலவும் சரி என்றே நினைக்கிறேன். ஆனால் பட்வர்தனின் கைகள் செய்த வேலைக்கு எந்த விமர்சனமும் பதிலாகாது.

நீங்கள் தோலுரிக்க வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. உங்கள் கோசாலையில் மாடு இறந்தால் அறங்காவலர்களும், பசு சேவைக்கு வருகிற தொண்டர்களும் முன்னால் நிற்கட்டும். கையுறை போட்டுக்கொண்டு நீங்களே கட்டுங்கள், நீங்களே வண்டியில் ஏற்றுங்கள். ஜேசிபி வைத்து ஆழமாகக் குழி வெட்டி, உப்பும் சுண்ணாம்பும் போட்டு மூடுங்கள். ஊர்ப் பக்கம் இறக்கும் மாடுகளுக்கும் அந்த வண்டியை அனுப்புங்கள். காலனிக்கு ஆள் போக வேண்டிய அவசியமே இல்லாமல் செய்யுங்கள். அந்த வேலைக்குச் சம்பள ஆள் தேவைப்பட்டால் எல்லாச் சாதிக்கும் பொதுவாக அறிவிப்புக் கொடுத்து, பாதுகாப்பு உபகரணமும் மற்றவர்களைவிடக் கூடுதல் சம்பளமும் கொடுத்து எடுங்கள். அதே சமயம் காலனிப் பிள்ளைகளைக் கோபூஜையில் தீபாராதனை காட்டும் இடத்திலும், மடப்பள்ளியிலும், கணக்கு வழக்கு பார்க்கும் அறையிலும், அறங்காவலர் குழுவிலும் உட்கார வையுங்கள். சாணி அள்ளுவதற்கு மட்டும் அவர்களைக் கூப்பிடாதீர்கள்.

அப்புறம், பசுவின் பேரைச் சொல்லி எங்காவது ஒருவர் மேல் கை ஓங்கப்பட்டால், அடுத்த நாளே உங்கள் அமைப்பின் பேரில் கண்டனம் வரட்டும். அடித்தவர் உங்கள் உறுப்பினராக இருந்தால் நீங்களே காவல் நிலையத்துக்குப் பெயரைக் கொடுங்கள். வழக்கு முடியும் வரை அடிபட்டவரின் குடும்பத்துக்கு வக்கீல் செலவை உங்கள் நிதியிலிருந்து கொடுங்கள். மாட்டுத் தீவனத்துக்கு நன்கொடை தருகிற பக்தர்கள் இதற்கும் தருவார்கள். முதல் ஆளாக நான் தருகிறேன்.

உங்கள் கோசாலை வாசலில் ஒரு நாள் தீவனத்துக்கு எவ்வளவு, ஒரு பசுவைத் தத்தெடுக்க எவ்வளவு என்று பலகை வைத்திருக்கிறீர்கள். அதற்குக் கீழே, இங்கே இறக்கும் மாடுகளை யார் எடுக்கிறார்கள், எங்கே அடக்கம் செய்கிறீர்கள், அந்த வேலையில் இருப்பவர்களுக்கு என்ன சம்பளம் என்றும் எழுதி வையுங்கள். வருகிற மாட்டுப் பொங்கலுக்குள் அதை எழுதிவிட முடியுமா என்று மட்டும் எனக்குப் பதில் போடுங்கள்.

அன்புடன்,
பசுவைக் கும்பிடும் ஒரு பக்தன்